செஃபலூவுக்கு ஒரு ஞாயிறு: நிழலைப் பார்த்துப் போட்ட திட்டம்

செவ்வாய்

நாங்கள் இருப்பது இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோவில். மாமி யாழ்ப்பாணத்திலிருந்து வந்திருக்கிறார். இதுவரை அவருக்குக் காட்டியது எங்கள் பல்கனி, பல்லறோ சந்தை, மலைமேல் இருக்கும் சான்டா ரொசாலியா என்ற புனிதையின் குகைக் கோயில், அவ்வளவுதான். பலெர்மோவில் இருந்துகொண்டு அந்த மலைக்குப் போகாத தமிழரைக் காண்பது அருமை. சைவமோ கிறிஸ்தவமோ, நேர்த்தி வைத்தால் மொந்தே பெல்லெக்ரீனோ ஏறித்தான் தீர்க்கவேண்டும். அது முடிந்தது. இப்போது சின்னவன் கடல் வேண்டும் என்று நிற்கிறான். மகள் மொந்தெல்லோ மட்டும் வேண்டாம் என்று நிற்கிறாள்.

அவள் சொல்வதிலும் நியாயம் உண்டு. மொந்தெல்லோ நல்ல கடற்கரைதான். தண்ணீருக்கு மேலே நிற்கும் அந்தப் பழைய குளிப்பு மண்டபத்தை இன்றைக்கும் நின்று பார்ப்பேன். ஆனால் ஓகஸ்ட் ஞாயிறில் பஸ்ஸிலும் நின்று, மணலிலும் நின்று, திரும்பவும் பஸ்ஸில் நின்று வருவதற்குப் பெயர் சுற்றுலா இல்லை.

இவர், என் கணவர், சான் வீத்தோ லோ காப்போ என்றார். மணலும் தண்ணீரும் அங்கேதான் வடிவு, மறுக்கவில்லை. ஆனால் ரயில் கிடையாது, பஸ்ஸில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் போகும். வளைவுப் பாதை என்றால் மாமிக்குத் தலை சுற்றும். ஆகவே செஃபலூ. பலெர்மோ சென்ட்ராலேயிலிருந்து கிழக்கே கிட்டத்தட்ட ஒரு மணித்தியால ரயில். இறங்கிப் பத்து நிமிடம் நடந்தால் பழைய ஊர், ஊரின் காலடியிலேயே மணல். அப்பம்மா, ஐந்து வயதுப் பேரன், எதற்கும் முகம் சுளிக்கும் பதின்மூன்று வயதுப் பேத்தி, மூவருக்கும் ஒரே நாளில் ஒத்துவரக்கூடிய ஊர் இந்த வடகரையில் வேறு எனக்குத் தெரியாது.

நாளையும் யோசித்தே வைத்தோம். ஓகஸ்ட் 2 முதல் 6 வரை அங்கே சான் சல்வதோரே திருவிழா. கடைசி நாளில் நம் ஊர் வழுக்குமரத்தை அப்படியே கடலுக்கு மேலே படுக்கப் போட்டு, எண்ணெயோ சவர்க்காரமோ பூசி, நுனியில் இருக்கும் கொடியை எடுக்கப் பொடியன்கள் ஓடி ஓடி விழுவார்கள். பார்க்க ஆசைதான், ஆனால் சின்னவனைக் கூட்டிக்கொண்டு அந்தக் கூட்டத்துக்குள் போக என்னால் முடியாது. 15ஆம் திகதி ஃபெர்ரகோஸ்தோ என்ற விடுமுறை நாள். அன்றைக்கு இத்தாலி முழுவதும் கடற்கரையில்தான் கிடக்கும். இரண்டுக்கும் நடுவே 10ஆம் திகதி ஞாயிறு வருகிறது. அதுதான்.

புதன்

காரா, ரயிலா? இரவு பதினொன்று வரை இதே கதை.

இவருடைய கூட்டாளி கார் தருகிறேன் என்றாராம். போவது சுகம், நெடுஞ்சாலை கிட்டத்தட்ட ஊர் வாசல் வரை கொண்டுபோய் விடும். வருவதுதான் வில்லங்கம். ஓகஸ்ட் ஞாயிறு பின்னேரம் கடலுக்குப் போன பலெர்மோ முழுக்க ஒரே நேரத்தில் ஊருக்குள் நுழையப் பார்க்கும். அந்த வரிசையில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு வீட்டிலேயே இருந்துவிடலாம்.

நிறுத்துவதும் இலேசில்லை. இத்தாலியில் கார் நிறுத்தத் தெரிய வேண்டிய பாடம் மூன்று நிறம்: வெள்ளைக் கோடு இலவசம், நீலக் கோடு காசு, மஞ்சள் கோடு ஊர்க்காரருக்கும் அனுமதி உள்ளவர்களுக்கும். ஓகஸ்டில் கடற்கரை ஊரொன்றில் வெள்ளைக் கோட்டில் இடம் கிடைப்பது லொத்தர் விழுவது மாதிரி. பழைய ஊருக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் கமரா படம் எடுத்துவிடும். தண்டம் மாதக்கணக்கு கழித்து, பயணமே மறந்துபோன நேரத்தில், தபாலில் வரும்.

ரயில் என்று நான் அடித்துச் சொன்னேன். ரெஜியோனாலே என்ற சாதாரண வண்டிக்கு இருக்கை முன்பதிவும் இல்லை, முன்கூட்டி வாங்கினால் மலிவு என்பதும் இல்லை. இன்றைக்கு வாங்கினாலும் ஞாயிறு காலையில் வாங்கினாலும் ஒரே விலை. நாலு வயதுக்குக் கீழ் இலவசம். சின்னவனுக்குப் பாதி, மகளுக்கு முழு ரிக்கற். காகித ரிக்கற் வாங்கினால் ஏற முன்னர் நடைமேடை மெஷினில் குத்தவேண்டும். காசு கட்டி வாங்கின ரிக்கற் கையிலேயே இருந்தாலும், குத்தாவிட்டால் தண்டம் வரலாம். கைபேசியில் வாங்கினால் அதற்குப் பதில் செக்-இன் அழுத்தவேண்டும். புதிதாக வரும் சொந்தக்காரருக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

அப்புறம் பூனைப் பிரச்சினை. இவர் வேலை செய்யும் வீட்டுக்காரர் மாதம் முழுக்கக் கடற்கரை வீட்டுக்குப் போய்விட்டார்கள். காலையில் போய்ப் பூனைக்குச் சாப்பாடும் பூக்கன்றுகளுக்குத் தண்ணீரும் வைக்கவேண்டியது இவர் பொறுப்பு. பூனை எத்தனை மணிக்குச் சாப்பிடுமோ அதற்குப் பிறகுதான் எங்களுக்கு ரயில்.

வெள்ளி

நல்லூர்க் கொடி ஏறிவிட்டது. 25 நாளும் வீட்டில் மச்சம் இல்லை. மாமி காலையில் எழுந்து கைபேசியில் திருவிழா நேரலையைப் பார்த்துவிட்டுத்தான் தேத்தண்ணி குடிக்கிறார். ஆகவே மீனுக்குப் பேர்போன ஊருக்குச் சைவமாகப் போய்வர வேண்டும்.

பயப்படத் தேவையில்லை. சிசிலிச் சாப்பாட்டில் சைவம் நிறைய உண்டு, தெரிந்து கேட்கவேண்டும், அவ்வளவுதான். பனெல்லே நல்லது: கடலைமாவைத் தண்ணீரில் காய்ச்சிக் களியாக்கி, மெல்லிசாகப் பரப்பி, ஆறியதும் வெட்டிப் பொரிப்பார்கள். எள்ளுப் போட்ட பாணுக்குள் வைத்து எலுமிச்சை பிழிந்தால் வயிறு நிறைந்துவிடும். கப்பொனாத்தாவும் பரவாயில்லை, கத்தரிக்காய், செலரி, ஒலிவ், வினாகிரி, கொஞ்சம் சீனி. நம்மவர் நாக்குக்கு அந்த இனிப்புப் புளிப்பு உடனே பிடித்துவிடும்.

ஏமாற்றக்கூடியது அரஞ்சினா என்ற பொரித்த சோற்றுருண்டை. இறைச்சி போட்டதை எல்லோரும் தவிர்த்துவிடுவார்கள். வெண்ணெய் அரஞ்சினா என்று இன்னொன்று இருக்கும், பெயரைக் கேட்டால் சைவம் போலத் தோன்றும். உள்ளே சீஸுடன் பெரும்பாலும் பன்றி இறைச்சித் துண்டும் இருக்கும். கீரை போட்டது கிடைத்தால் வாங்கலாம். கிரனித்தா என்ற ஐஸ் பானம் குடிக்கலாம், கூடக் கொடுக்கும் பிரியோஷ் பாணில் முட்டை உண்டு, அதைச் சின்னவனிடம் தள்ளிவிடலாம்.

மாமி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்.

"பொரிக்கிற எண்ணெய் ஒண்டுதானே பிள்ளை?"

அதற்குப் பிறகு நான் வாதாடவில்லை. கட்டுச்சோறுதான். புளிச்சாதம், மரக்கறி ரோல்ஸ், உருளைக்கிழங்குப் பிரட்டல். தேங்காய்ச் சம்பல் வேண்டாம், இந்த வெயிலில் பத்து மணிக்கே பழுதாகிவிடும். கடற்கரைக்குச் சாப்பாடு கட்டிக்கொண்டு போக வெட்கப்படவும் தேவையில்லை. எதிர்வீட்டு சிஞ்ஞோரா ஃபெர்ரகோஸ்தோவுக்கு அடுப்பில் வாட்டிய பாஸ்தாவைப் பெரிய தட்டோடும் வத்தகப்பழத்தை முழுசாகவும் தூக்கிக்கொண்டு போவதை வருடா வருடம் பார்க்கிறேன்.

சனி

பயணத் திட்டம் என்றால் எல்லோரும் எதைப் பார்ப்பது என்று பட்டியல் போடுவார்கள். ஓகஸ்டில் சிசிலியில் முதலில் போடவேண்டியது நிழல் கணக்கு. எத்தனை மணிக்கு எங்கே நிழல் என்று தெரிந்தால் மற்றது தானாக அமையும்.

செஃபலூவின் முதுகில் லா ரொக்கா என்ற பாறைமலை நிற்கிறது. ஏறத்தாழ 270 மீற்றர். ஊர் அதன் மேற்குப் பக்கக் காலடியில் இருப்பதால் காலையில் பாறையே வெயிலை மறைத்துக்கொள்ளும். அந்த நேரம் ஒடுங்கிய தெருக்களில் நடக்கலாம். வெயில் ஏறும்போது கத்தீட்ரலுக்குள் போய்விடவேண்டும். கத்தீட்ரலைக் கடலுக்கு முன் வைப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், ஈர உடுப்போடு விடமாட்டார்கள். மத்தியானம் கல் வளைவுகளின் கீழே சாப்பாடு. நாலு மணிக்குப் பிறகு கடல், சூரியன் தண்ணீருக்குள் இறங்கும் வரை.

பாறை மேலே மிகப் பழைய கற்கோயில் ஒன்று இருக்கிறது, டயானா கோயில் என்கிறார்கள். மகள் ஏறவேண்டும் என்கிறாள். ஓகஸ்ட் வெயிலில், அப்பம்மாவைக் கீழே விட்டுவிட்டு? கதையே இல்லை.

லிடோ என்ற கட்டணக் கடற்கரை ஒன்றுக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு குடையும் இரண்டு சாய்வுக் கதிரையும் முழு நாளுக்குச் சொன்ன விலையில் எங்கள் வீட்டுக்கு ஒரு கிழமைக்கு மரக்கறி வாங்கலாம். பின்னேரம் மட்டும் என்றால் குறைத்துக் கொடுப்பார்களாம், அதுவும் இடம் இருந்தால். மாமி மணலில் இருந்து எழும்பக் கஷ்டப்படுவார், அவருக்கு மட்டும் அதை எடுப்போம். நாங்கள் பக்கத்தில் உள்ள இலவசக் கடற்கரையில் துவாய் விரிப்போம். ஒன்று தெரிந்து வைத்திருங்கள்: தண்ணீரை ஒட்டிய ஐந்து மீற்றர் எந்த லிடோவுக்கும் சொந்தமில்லை. யாரும் நடந்து போகலாம், அதைக் கடந்து போய்க் கடலில் இறங்கலாம். ஆனால் வழியை மறிக்கிற மாதிரி அங்கே குடை நட முடியாது.

ஞாயிறு

பூனை ஏழு மணிக்கு முன்னரே சாப்பிட்டுவிட்டது.

சென்ட்ராலே நடைமேடை முழுக்க ஐஸ் பெட்டியும் குடையும். போகும்போது கடல் இடது பக்கம், அந்தப் பக்க ஜன்னலை ஓடிப் பிடித்தோம். பகேரியா வரை வீடும் எலுமிச்சைத் தோட்டமும். அதற்குப் பிறகு தண்டவாளம் கடலோடு ஒட்டிக்கொண்டது. தெர்மினி இமெரேசேயில் ஒரு குடும்பம் ஏறியது, அவர்களிடம் எங்களைவிடப் பெரிய சாப்பாட்டு மூட்டை. மாமிக்கு அதைப் பார்த்துப் பரம திருப்தி.

இறங்கி நடந்து கோர்சோ ருஜ்ஜேரோவுக்கு வந்தபோது கணக்குச் சரியாக இருந்தது. தெருவின் ஒரு பாதி முழுக்க நிழல், காலுக்குக் கீழே கல்லில் கூடச் சூடில்லை. கத்தீட்ரல் வாசலில் பூசை முடியும் வரை நின்றோம். நிற்க நல்ல இடம்தான்: சதுக்கத்தில் பனை போன்ற மரங்கள், இரண்டு பக்கமும் கோட்டை மாதிரிக் கோபுரங்கள், பின்னால் பாறை. இரண்டு கோபுரத்தின் உச்சியும் ஒன்றுபோல இல்லை என்று கண்டுபிடித்தவன் சின்னவன்.

கட்டத் தொடங்கியது 1131இல், சிசிலியை ஆண்ட நோர்மன் அரசன் இரண்டாம் ரொஜர். புயலில் அகப்பட்ட கப்பல் இங்கே கரைசேர்ந்ததால் நேர்த்திக்குக் கட்டினான் என்பது ஊர்க் கதை. தான் இறந்தால் இங்கேதான் வைக்கவேண்டும் என்று செந்நீலக் கல்லில் பேழைகளும் செய்து வைத்திருந்தான். 1154இல் இறந்தபோது பலெர்மோவிலேயே அடக்கம் செய்துவிட்டார்கள். பிற்காலத்தில் அவன் பேரன் இரண்டாம் பிரெடரிக் அந்தப் பேழைகளையும் பலெர்மோவுக்கு எடுத்துப்போனான். மகள் பள்ளிக்கூடத்தில் படித்ததை அப்பம்மாவுக்கு ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"கட்டினவருக்கே இடம் கிடைக்கேல்லையோ? பாவம்" என்றார் மாமி.

உள்ளே முன்பாதியெல்லாம் வெறும் கல், பெரிய அலங்காரம் இல்லை. நடக்க நடக்கத்தான் பீடத்துக்கு மேலே அரைக்கோளத்தில் அந்த முகம் தெரிய வருகிறது. 1148இல் முடித்த மொசைக். பைசாந்தியக் கலைஞர்கள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்துச் செய்த கிறிஸ்து, ஒரு கை ஆசீர்வதிக்கிறது, மறு கையில் விரித்த புத்தகம். ஒரு பக்கம் கிரேக்கம், ஒரு பக்கம் லத்தீன், 'உலகின் ஒளி நானே' என்ற வசனம். என்னைப் பிடித்து நிறுத்தியது புத்தகம் இல்லை, நெற்றி. வாரிய தலையிலிருந்து இரண்டு சின்ன முடிக்கற்றை தப்பி நெற்றியில் விழுந்து கிடக்கிறது. அவ்வளவு பெரிய பொன் பரப்பில், அவ்வளவு உயரத்தில், அந்த இரண்டு கற்றையை யோசித்து வைத்த கைக்காரன் யாரோ. 2015இல் யுனெஸ்கோ பலெர்மோவின் அரபு-நோர்மன் கட்டடங்களோடு இதையும் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. மாமி சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்து விட்டுக்கொண்டு வாங்கில் இருந்துவிட்டார். அரை மணித்தியாலம் எழும்பவில்லை. பாதி பக்தி, பாதி குளிர்ச்சி என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு மாமிக்கு மிகவும் பிடித்த இடம் கத்தீட்ரலும் இல்லை, கடலும் இல்லை. விக்டர் இமானுவேல் வீதியில் வளைந்து இறங்கும் எரிமலைக்கல் படிகளுக்குக் கீழே, பழைய உடுப்புத் தோய்க்கும் துறை. மத்தியகாலத்தது. சுவரில் வரிசையாக இரும்பு வாய்கள், பல சிங்கமுகம், அதற்குள்ளால் தண்ணீர் கொட்டிக் கல் தொட்டிகளில் நிறைந்து கடலுக்குப் போய்விடுகிறது. கையை வைத்தேன், ஐஸ் தண்ணீர் மாதிரி. மாமி தொட்டியின் விளிம்பில் இருக்கும் சாய்வுக் கல்லைத் தடவிப் பார்த்தார். நூற்றாண்டுக் கணக்காகத் துணி தேய்த்து அது வழவழவென்று நடுவில் சற்றுக் குழிந்திருக்கிறது.

"சாய்வு சரியா வைச்சிருக்கிறாங்கள். முதுகு நோகாது" என்றார். பிறகு, "கீரிமலையிலயும் இப்பிடித்தானே, கடலுக்குப் பக்கத்திலயே நல்ல தண்ணி."

உண்மைதான், அங்கேயும் உப்புக் கடலை ஒட்டித்தான் நன்னீர்க் கேணி. எனக்கு அது நினைவுக்கே வரவில்லை. சின்னவன் ஒரு சிங்க வாய்க்குள் விரலை விட்டு அடைத்துப் பார்த்துவிட்டு, முழுக்க நனைந்தான். கத்தீட்ரல் முடிந்துவிட்டதால் யாரும் ஏசவில்லை.

சாப்பாடு போர்த்தா பெஸ்காரா வளைவுக்குள். பழைய நகரவாசல்களில் ஒன்று, கடலைப் பார்த்துத் திறந்திருக்கிறது. வெளியே வெயில் வெள்ளையாக எரிகிறது, வளைவுக்குள்ளால் காற்று வருகிறது. படம் எடுக்க வரும் ஆட்கள் எங்கள் ரோல்ஸ் பெட்டியைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். ஒருவர் என்ன என்று கேட்டார், ஒன்று கொடுத்தோம். மிளகாய்த்தூள் கொஞ்சம் கூட, மனிதர் கண் கலங்கிக்கொண்டே நல்லது என்றார். பிறகு எலுமிச்சைக் கிரனித்தா. பிரியோஷ் திட்டப்படி சின்னவனிடம்.

நாலு மணிக்கு மணல். இங்கே தண்ணீர் கன தூரம் வரை இடுப்பளவுதான், அதனால்தான் குழந்தைகளோடு வருபவர்களுக்கு இந்த ஊரை நான் தயங்காமல் சொல்வேன். பின்னேரக் குடை ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. ஆனால் மாமி கதிரையில் இருந்தது மொத்தம் பதினைந்து நிமிடம். சிசிலிப் பாட்டிமார் கடலில் நீந்துவதில்லை. இடுப்பளவு தண்ணீரில் வட்டமாக நின்று மணிக்கணக்கில் கதைப்பார்கள். அந்த வட்டமொன்று மாமியைப் பார்த்துக் கைகாட்டியது. மாமி சேலையை முழங்கால் வரை தூக்கிச் சொருகிக்கொண்டு போய் நின்றுவிட்டார். அவருக்கு இத்தாலியன் தெரியாது, அவர்களுக்குத் தமிழ் தெரியாது. திரும்பி வரும்போது யாருக்கு எத்தனை பேரப்பிள்ளைகள், யாருக்கு முழங்கால் சத்திரசிகிச்சை செய்தது என்றெல்லாம் அறிந்து வந்திருந்தார்.

சூரியன் விழுந்த பிறகு ஸ்டேஷனுக்கு ஏறினோம். போனது இறக்கம், வந்தது ஏற்றம். மாமி இரண்டு இடத்தில் நின்றார். அன்றைக்கு சான் லொரென்ஸோ இரவு என்பது அங்கேதான் உறைத்தது. ஓகஸ்ட் 10 இரவு எரிநட்சத்திரம் பார்க்க இளவட்டம் எல்லாம் கடற்கரைக்குப் போவார்கள். எங்கள் வண்டி வருமுன் எதிர்ப்பக்கத்து வண்டியிலிருந்து கிற்றாரும் போர்வையுமாக ஒரு படை இறங்கியது. நாங்கள் போகும் வண்டியில் ஆளாளுக்கு இரண்டு இருக்கை. மகள் அந்தக் கூட்டத்தைப் பார்த்த பார்வை எனக்குப் பிடிக்கவில்லை. இன்னும் மூன்று வருடத்தில் கேட்பாள்.

திங்கள்

செலவு: ரயில், பின்னேரக் குடை, கிரனித்தா, கத்தீட்ரலில் ஏற்றிய மெழுகுதிரி. கார் எடுத்திருந்தால் எண்ணெய்க்கும் நெடுஞ்சாலைக்கும் நீலக் கோட்டுக்குமே இதில் பெரும்பங்கு போயிருக்கும் என்று இவருக்கு எழுதிக் காட்டினேன். தலையாட்டினார், ஆனாலும் கூட்டாளியின் காரைப் பற்றி இன்னும் கதைக்கிறார்.

போகிறவர்களுக்கு இரண்டு விஷயம். ஞாயிறில் வண்டி குறைவு, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே பார்த்து வையுங்கள். தோய்க்கும் துறையின் கல் ஈரத்தில் வழுக்கும். மாமி அந்தப் படிகளில் என் கையைப் பிடித்துத்தான் இறங்கினார்.

லா ரொக்கா மிச்சம் இருக்கிறது. ஒக்டோபரில் வெயில் தணிந்திருக்கும், கடலும் முழுக்கக் குளிர்ந்திருக்காது. மாமி அதற்குள் ஊருக்குப் போய்விடுவார். மகளும் நானும் மட்டும் ஏறுவதாகப் பேச்சு. மேலே போக மூடின சப்பாத்து வேண்டும், அவளுடையது இந்த வருடம் சின்னதாகிவிட்டது. சனிக்கிழமை பல்லறோவில் பார்க்கவேண்டும்.